பாபுவைத் திட்டிவிட்டு ‘அம்மா வந்தாள்’ எடுத்துப் போனவள்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புத்தகச் சண்டை நடக்கிறது. அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர், வரவேற்புரை, நன்றியுரை, பொன்னாடை என்று வரிசையாக வந்துவிடும். வருகிறவர்கள் கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள். பி.காம்., கணிதம், இன்ஜினீயரிங், ஆங்கில இலக்கியம், நர்சிங் என்று கலவையான கும்பல். தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள்தான் குறைவு. அவர்களுக்கு நாவல் என்றால் மூன்றாவது யூனிட்; ஞாயிற்றுக்கிழமையும் அதையே பார்ப்பானேன் என்று இருக்கிறார்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேராசிரியன் இல்லை என்பது அவர்களுக்குப் பெரிய வசதி. தப்பாகப் பேசினால் இன்டர்னல் மார்க் குறையாது.

ஏற்பாடு எளிமையானது. முதல் பாதியில் எல்லோரும் படித்து வந்த ஒரே நாவல். பழையதாக, பேர்போனதாக இருக்க வேண்டும். அப்புறம் சுண்டல். சுண்டலுக்குப் பிறகு அவரவர் தன் இஷ்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டும். முதல் பாதியில் யாரையும் எவ்வளவு வேண்டுமானாலும் மடக்கலாம். இரண்டாம் பாதியில் ‘இதையெல்லாம் ஏன் படிக்கிறே?’ என்று மட்டும் கேட்கக் கூடாது. இந்த ஒரு சட்டத்தை மட்டும் நான் கறாராக வைத்திருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எடுத்த நாவல் ‘மோகமுள்’. ஊர்ப் பாசம்தான். அதை எழுதிய தி. ஜானகிராமன் படித்த காவிரிக்கரைக் கல்லூரி 1854-ல் தொடங்கியது. இன்னும் அதே கரையில்தான் இருக்கிறது. வருகிற பிள்ளைகளில் சிலர் அங்கேதான் படிக்கிறார்கள். கதாநாயகன் பாபுவும் கும்பகோணத்துக்குப் படிக்க வந்த பையன். நம்ம ஊர், நம்ம ஆறு என்கிற சந்தோஷமெல்லாம் பத்து நிமிஷம்தான் தாங்கியது.

“பாபு ஒரு ஸ்டாக்கர் சார்” என்று ஆரம்பித்தாள் கணிதம் படிக்கிறவள். யமுனா அவனைவிட வயதில் நிறைய மூத்த பெண். அவள் முடியாது என்று சொன்ன பிறகும் வருஷக்கணக்காக அவளையே நெஞ்சில் வைத்துக்கொண்டு உருகுகிறவனை வேறென்ன சொல்வது என்பது அவள் கட்சி. இன்ஜினீயரிங் பையனுக்குப் பொறுக்கவில்லை. “அவன் அவங்களைத் தொந்தரவு பண்ணவே இல்லையே. ஒதுங்கித்தானே போறான்? மெட்ராஸுக்கே போயிடறான்.” அதற்கு அவள், “ஒதுங்கிப் போயும் விடலையே, அதைத்தான் சொல்றேன்” என்றாள். அப்படியே ஏறிக்கொண்டே போனது.

நர்சிங் மாணவி அதுவரை வாயைத் திறக்கவில்லை. திடீரென்று, “தங்கம்மாவைப் பத்தி ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க?” என்றாள். மாடி அமைதியாகிவிட்டது. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தங்கம்மா ஒரு கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட பக்கத்து வீட்டு இளம்பெண். பாபுவைத் தேடி வருகிறாள். பிறகு அவன் விலகிக்கொள்ள, தற்கொலை செய்துகொள்கிறாள். பாபுவுக்கு யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்கிற உறுத்தல்தான் பெரிதாக இருக்கிறது. “செத்துப்போனவ யாரு, இவன் யாருக்காக வருத்தப்படறான்? ஆசிரியருக்கே அந்தப் பொண்ணு மேல அக்கறை இல்லை சார். கதை நகரணும், அதுக்கு ஒரு சாவு.” நர்சிங் படிக்கிறவள் சாவைப் பற்றிச் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசவில்லை.

பி.காம். பையன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: “அக்கறை இல்லாம எழுதியிருந்தா உனக்கு எப்படிடி அவ மேல இவ்வளவு இரக்கம் வந்துச்சு? அவ பக்கம் உன்னைத் தள்ளிவிட்டது யாரு?”

அவள் பதில் சொல்லவில்லை. அவனும் வெற்றி பெற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை முழுவதும் நான் பேசியது ‘யாருக்குக் காபி, யாருக்கு டீ’ என்பது மட்டும்தான்.

இதைத் தமிழ் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “பாத்திரங்களை எதிர்வீட்டுக்காரங்க மாதிரி பேசறது விமர்சனம் இல்லைங்க. உத்தி என்ன, மொழி என்ன, கட்டமைப்பு என்ன, அதைப் பேசச் சொல்லுங்க.” எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அன்று அந்தச் சண்டை எங்கே போய் நின்றது என்றால், யமுனா மனதில் என்ன ஓடுகிறது என்று நமக்குக் கடைசிவரை சரியாகத் தெரிவதே இல்லை, பாபு கண்ணால் பார்ப்பதுதான் நமக்குக் கிடைக்கிறது என்பதில். அவள் மராட்டியத் தாய்க்கும் பிராமணத் தகப்பனுக்கும் பிறந்தவள் என்பதால் கல்யாணம் தட்டிக்கொண்டே போகிறது. வறுமை வந்து சேர்கிறது. இவ்வளவையும் சுமக்கிறவளின் உள்ளே போகாமல், அவளைப் பார்த்து மயங்கி நிற்கிறவனின் உள்ளேயே ஆசிரியர் ஏன் உட்கார்ந்துவிட்டார்? கணிதக்காரி கேட்ட கேள்வி இது. உத்தியைப் பற்றிய கேள்விதானே? பாபு நல்லவனா கெட்டவனா என்று தெருச்சண்டை போட்டதால்தான் அவள் அங்கே வந்து சேர்ந்தாள். வகுப்பில் ‘நோக்குநிலை’ என்று பலகையில் எழுதி ஆரம்பித்திருந்தால் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பாள்.

இன்னொரு புகாரும் வந்தது. ஏன் சார் இவ்வளவு நீளம்? சங்கீதம் பற்றிய பேச்சு, பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வீடு, வடக்கேயிருந்து வந்து பாடுகிறவர்கள், மறுபடியும் யமுனா... கதை நகரவே மாட்டேன் என்கிறதே. அப்போதுதான் அது ‘சுதேசமித்திர’னில் வாரா வாரம் தொடராக வந்தது என்று சொன்னேன். பையன்களுக்கு வெப் சீரிஸ் பழக்கம் உண்டு, உடனே புரிந்துவிட்டது. “அப்போ இதை நாம பிஞ்ச்-வாட்ச் பண்ணிட்டோம், அதான் திகட்டுது” என்றான் ஒருவன்.

அவன் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு அந்தப் பேச்சு ரொம்ப நாள் மனதில் சுற்றியது. இன்று நாம் கனமான அட்டை போட்டு, செவ்வியல் நாவல் என்று அலமாரியில் நிறுத்தி வைத்திருப்பவற்றில் எத்தனை தொடர்கதைகள் என்று எண்ணிப் பாருங்கள். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில். ‘மோகமுள்’ளும் தொடர், ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளும் தொடர். ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் ஜனங்கள் என்ன செய்தார்கள்? திண்ணையில், ஆபீஸில், கிணற்றடியில் உட்கார்ந்து, அடுத்து என்ன ஆகும், அவள் செய்தது சரியா என்று அடித்துக்கொண்டார்கள். பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்கள். அந்த நாவல்களுக்கு நடுவே அப்போது வாசகர் சண்டைக்கு என்றே இடம் விட்டிருந்தது. நாம்தான் புத்தகமாகச் சேர்த்துத் தைத்தபோது அந்த இடத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டோம். என் மாடியில் நடப்பது புதுமை ஒன்றுமில்லை. அந்தத் தையலைக் கொஞ்சம் பிரித்துவிடுகிறோம்.

வாசகர் சண்டைக்கு மதிப்பில்லை என்று நினைக்கிறவர்களுக்கு நான் ஜெயகாந்தனைக் காட்டுவேன். 1966-ல் ‘ஆனந்த விகட’னில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை எழுதினார். மழையில் காரில் ஏற்றிக்கொண்டு போன ஒருவனிடம் கெட்டுப்போய் வீடு திரும்புகிற பெண். அம்மா ஊரைக் கூட்டாமல் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிற மாதிரி தேற்றி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். வாசகர்களிடம் பெரிய கொந்தளிப்பு. அது எப்படி ஒரு தாய் அப்படிச் செய்வாள் என்று ஒரு பக்கம், அதுதான் சரி என்று இன்னொரு பக்கம். ஜெயகாந்தன் அதற்குக் கட்டுரை எழுதிப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கூச்சல் போட்டு நாலு பேருக்குத் தெரிய வைத்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு முழு நாவல் எழுதினார். ‘தினமணி கதி’ரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் தொடராக வந்து, பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமாயிற்று. 1972-க்கான சாகித்திய அகாதெமி பரிசும் அதற்குத்தான். அந்த நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்றொரு எழுத்தாளர் வருகிறார், அவர் எழுதிய கதையை நாவலின் நாயகி கங்கா படிக்கிறாள், தன் கதை மாதிரி இருக்கிறதே, முடிவு மட்டும் வேறாக இருக்கிறதே என்று குமைகிறாள். வாசகர் போட்ட சண்டையை எழுத்தாளரே நாவலுக்குள் கூட்டிவந்து உட்கார வைத்த மாதிரி.

இந்தப் பின்கதையைச் சொல்லி, சிறுகதையையும் நாவலையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொன்ன மாதம்தான் எங்கள் மாடியில் சத்தம் உச்சத்துக்குப் போனது. கீழ்வீட்டு மாமி ஏறி வந்து பார்த்தார். ‘கெட்டுப்போனவள்’ என்கிற பேச்சையே பிள்ளைகள் ஏற்கவில்லை. அம்மா தண்ணீர் ஊற்றியதே தப்பு, ஊற்றினால் அழுக்கு இருந்தது என்றுதானே அர்த்தம் என்று ஒருத்தி. 1966-ல் ஓர் அம்மாவுக்கு அதைவிட வேறு என்ன வழி இருந்தது என்று இன்னொருத்தி. மாமி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கதை வந்தபோது தன் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொன்னார். அவர் அம்மா அந்த விகடனை மடித்துப் பரணில் போட்டுவிட்டாராம். இவர் ஏணி போட்டு எடுத்துப் படித்தாராம். அதற்கப்புறம் பிள்ளைகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியையே சுற்றிக்கொண்டார்கள்.

எல்லாப் பழைய நாவலும் இப்படிப் பற்றிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879-ல் வந்த முதல் தமிழ் நாவல் என்ற மரியாதையோடு எடுத்தோம். பாதிப் பேர் பாதியில் விட்டார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். தீர்ப்பு எழுதுகிற மாதிரியே புத்தி சொல்கிறார் என்றார்கள். ஞானாம்பாள் ஆண்வேடத்தில் நாட்டை ஆளுகிற பகுதியை மட்டும் எல்லோரும் ரசித்தார்கள். அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போய்விட்டோம்.

‘பொன்னியின் செல்வன்’ தனிக் கதை. பாதிப் பேர் 2022, 2023-ல் வந்த மணிரத்னம் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் ஐந்து பாகத்தையும் பத்தாம் வகுப்பு லீவிலேயே முடித்தவர்களுக்கும் முதல் சண்டை. இரண்டாவது, இது இலக்கியமா, வெறும் பொழுதுபோக்கா என்கிற சண்டை. விமர்சகர் க.நா.சு. காலத்திலிருந்து நடக்கிற சண்டைதான். எழுபது வருஷமாக மக்கள் விழுந்து விழுந்து படிக்கிற ஒன்றை செவ்வியல் என்று சொல்லாமல், யாரும் தொடாததைச் சொல்வீர்களா என்று இன்ஜினீயரிங் பையன் கேட்டான். ஆங்கில இலக்கியம் படிக்கிறவள், “படிச்சு முடிச்சப்புறம் உனக்குள்ள எதாவது மாறிச்சா? வந்தியத்தேவன் குதிரையில வந்தான், போயிட்டான்” என்றாள். என்னைக் கேட்டால் அவள் சொன்னது சரி என்பேன். ஆனால் அந்தப் பையன் அதற்கப்புறம் செய்ததைச் சொன்னால் நீங்கள் அவன் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

மூன்றாவது சண்டை, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பது. கல்கி அதைப் பூடகமாகவே விட்டுவிட்டார். கொலைச் சதியில் வருகிற நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் கொலை நிஜம். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் முதலான சகோதரர்களின் பெயரைச் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்ததைப் பேசுகிற கல்வெட்டு. இந்தக் கொலையில் உத்தம சோழனுக்குக் கை உண்டு என்கிற சந்தேகம் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கு. அப்படி இல்லை என்று மறுத்தவர் சதாசிவ பண்டாரத்தார். இந்தப் பண்டாரத்தார் யார் தெரியுமா? இங்கே பக்கத்தில் திருப்புறம்பியத்துக்காரர். கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார்.

இதைச் சொன்னதும் அந்த இன்ஜினீயரிங் பையன் பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தைத் தேடி எடுத்துப் படித்தான். சுண்டலுக்குப் பிறகான பாதியில் அதைத்தான் கொண்டுவந்து காட்டினான். கல்வெட்டுச் சான்றும் அடிக்குறிப்புமாக உள்ள ஒரு சரித்திர நூல். அதை இன்பத்துக்காகப் படித்தேன் என்று ஒரு மெக்கானிக்கல் மாணவன் சொல்கிறான். நண்பர்களோடு பைக்கில், நாவலில் வருகிற பழையாறைக்கும் போய்விட்டு வந்தானாம். குந்தவையின் மாளிகை எங்கே என்று கேட்டவர்களுக்கு ஊர்க்காரர்கள் சோழன்மாளிகை கிராமத்துக்கு வழி காட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் வயலும் வீடுகளும்தான்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஒரு மாணவன் அடுத்த புத்தகத்தைத் தானாக எடுப்பதற்கு முந்தைய புத்தகம் பிடித்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்தவரை அப்படி இல்லை. ‘நல்லா இருந்துச்சு சார்’ என்று சொன்னவர்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிட்டார்கள். கோபம் வந்தவர்கள், தீராத கேள்வி வந்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் தோற்றுப்போனவர்கள், இவர்கள்தான் நேரே நூலகத்துக்குப் போனார்கள். பாபுவை ஸ்டாக்கர் என்று திட்டிய கணிதக்காரி அடுத்த மாதமே அதே ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ எடுத்துப் படித்திருந்தாள். “இவர் பெண்களை எப்படித்தான் எழுதறார்னு பார்க்கணும் சார், விட மாட்டேன்” என்றாள். படித்தாள், இன்னும் கோபமானாள், மூன்றாவதாக ‘மரப்பசு’வுக்குப் போய்விட்டாள். தி.ஜா.வின் விசுவாசமான வாசகி யாரென்றால் அவரைப் பிடிக்காத அந்தப் பெண்தான்.

நம் வகுப்பறைகளில் இந்தக் கோபத்துக்கு இடமில்லை. எங்கள் காலத்தில் ‘நான்-டீடெயில்’ என்று ஒன்று இருந்தது. பெரிய ஆங்கில நாவலைச் சுருக்கிச் சதையை வழித்துவிட்டு எலும்பைக் கொடுப்பார்கள். அதற்கும் கோனார் உரை மாதிரி ஒரு கைடு. எங்கள் கூட்டத்து ஆங்கில இலக்கியப் பெண்ணுக்கு ‘வுதரிங் ஹைட்ஸ்’ பாடம். முழு நாவலையும் படித்திருக்கிறாள், அதன் நாயகன் ஹீத்கிளிஃப் மேல் தீராத ஆத்திரம் இருக்கிறது. தேர்வில் அதை எழுத முடியுமா என்று கேட்டேன். “ஹீத்கிளிஃபை ‘பைரானிக் ஹீரோ’ன்னு எழுதினாத்தான் சார் மார்க்” என்றாள். 1847-ல் அந்த நாவல் வந்தபோது படித்தவர்களே முகம் சுளித்தார்கள், இந்த ஆள் மனுஷனா என்று. அவர்களுக்கு இருந்த சுதந்திரம் இவளுக்கு இல்லை. பாபுவையும் ஹீத்கிளிஃபையும் வைத்து இவளும் கணிதக்காரியும் தனியாக ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் அதிக மோசம் என்று. ஹீத்கிளிஃப் ஜெயித்தான் என்று கேள்வி.

இப்போது இரண்டாம் பாதி. அவரவர் இஷ்டப் புத்தகம்.

முதல் சில மாதங்கள் இதில் நடிப்பு நிறைய இருந்தது. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு முதல் பத்துப் பக்கத்தைத் தாண்டாதவர்கள் உண்டு. என் முன்னால் கனமான புத்தகத்தோடுதான் வர வேண்டும் என்ற நினைப்பு. கேள்வி கேட்கக் கூடாது என்ற சட்டம் நிஜமாகவே சட்டம்தான் என்று நம்பிக்கை வந்த பிறகே உண்மையான புத்தகங்கள் பைகளிலிருந்து வெளியே வந்தன. காலீன் ஹூவர். ‘ஒன் பீஸ்’ மாங்கா. சிவகாசியிலிருந்து வருகிற முத்து காமிக்ஸ். ரமணிசந்திரன். பிரதிலிபி செயலியில் ஐம்பதாவது அத்தியாயத்தில் நிற்கிற ஒரு தொடர். அதைக் காட்டப் புத்தகம் இல்லாததால் ஒருத்தி போனை நீட்டினாள். வாரா வாரம் காத்திருந்து படித்து, கீழே கருத்துப் போட்டு, எழுதுகிறவரோடு சண்டை போட்டு... இது எங்கேயோ கேட்ட கதையாக இல்லை? ‘சுதேசமித்திரன்’ வாசகர்கள் போன் வைத்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992-ல் ஒரு புத்தகம் எழுதினார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாசகருக்கு உள்ள உரிமைகள் என்று ஒரு பட்டியல் தருகிறார். படிக்காமலே இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டும் உரிமை, பாதியில் விட்டுவிடும் உரிமை எல்லாம் அதில் உண்டு. நம் ஊரில் பாதியில் விடுவதை ஏதோ சோற்றை வீணடித்த பாவம் மாதிரி பார்க்கிறார்கள். அதனால்தான் ஒரு தடியான புத்தகத்தில் மாட்டிக்கொண்ட பையன் அதை முடிக்கவும் மாட்டாமல் வேறொன்றை எடுக்கவும் மாட்டாமல் வருஷம் முழுக்கப் படிக்காமலே இருக்கிறான். பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடு, புத்தகம் கோபித்துக்கொள்ளாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்கிற கட்சி இல்லை நான். ரமணிசந்திரனை மட்டுமே வருஷக்கணக்காகப் படிக்கிறவரைக் குறை சொல்ல மாட்டேன். களைத்து வீட்டுக்கு வருகிறவருக்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு ‘தமிழ்ல வேற என்னங்க இருக்கு?’ என்று கேட்டால் நான் சண்டைக்கு வருவேன். மாடியில் இரண்டு பாதி வைத்ததும் அதற்காகத்தான். இஷ்டப் புத்தகம் மட்டும் என்றால் வட்டம் பெரிதாகாது. பேர்போன நாவல் மட்டும் என்றால் அது இன்னொரு யூனிட் ஆகிவிடும். ஒரே சாயங்காலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது ஏதோ நடக்கிறது. பிரதிலிபிக்காரிக்கும் தங்கம்மாவுக்காகப் பேசிய நர்சிங் பெண்ணுக்கும் நட்பாகி, ராஜம் கிருஷ்ணன் புத்தகங்கள் இரண்டு பேருக்கும் நடுவே கைமாறிக்கொண்டிருக்கின்றன. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே லேட்டாகத்தான் தெரிந்தது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பலர். ‘ஆரம்ப வாசகருக்கு நூறு புத்தகங்கள்’ மாதிரி பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் போடுவதில் நமக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு புத்தகமே எழுதினார். எத்தனையோ பேருக்கு அது வழி காட்டியது. ஆனாலும் நான் பட்டியல் தருவதில்லை. பட்டியலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வேண்டுமானால் இதைச் சொல்கிறேன்: சின்னதாக எடுங்கள். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாச’லை ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ ஒருவனுடைய ஒரு நாள் கதை. ஒரு நாளிலேயே படித்தும்விடலாம். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ அதேபோல. இதில் எது உங்களைச் சீண்டுகிறதோ அதை எழுதியவரின் இன்னொரு புத்தகத்துக்குப் போங்கள், அல்லது அவருக்கு நேர் எதிரானவரிடம் போங்கள். முதல் பக்கத்தைப் படித்து முடிவு செய்யாதீர்கள், எல்லா எழுத்தாளரும் முதல் பக்கத்துக்கு மெனக்கெடுவார்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, முன்கதை தெரியாமலே அந்தப் பக்கம் உங்களை நிறுத்துகிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அலமாரி வேண்டும். அந்தக் காலத்து லெண்டிங் லைப்ரரிகள் அதற்குத்தான் உதவின. நாலணாவோ எட்டணாவோ கொடுத்துத் தப்பான புத்தகத்தை எடுத்து வந்து மறுநாளே திருப்பிக் கொடுக்கலாம். தப்பாகத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் அங்கேதான் வந்தது. இப்போது நானூறு ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும் என்றால் எந்த மாணவன் துணிந்து தெரியாத பெயரை எடுப்பான்? ஏற்கெனவே எல்லோரும் வாங்கியதைத்தான் வாங்குவான். பொது நூலகம்தான் வழி. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-ல் எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் இங்கே சீர்காழிக்காரர். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் எங்கோ இருக்கிறார் என்று அடித்துச் சொன்ன மனிதர். ஆனால் நான் போன ஒரு கிளை நூலகத்தில் நாவல்களை எல்லாம் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டேன். அவர் லீவு என்றார்கள். போட்டித் தேர்வுப் புத்தகங்கள் மட்டும் திறந்த மேசையில். அங்கே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, வேலை வேண்டும். அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தால் அவர்களில் யாராவது ஒருவர் எழுந்து கை நீட்ட மாட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். பிறந்தநாளுக்குப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்காதீர்கள். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம் ஏற்கெனவே யாரோ ஒரு சித்தப்பா கொடுத்திருப்பார். புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய், கையில் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து, வாசலில் விட்டுவிட்டு நீங்கள் வெளியே டெல்லி அப்பளம் தின்றுகொண்டிருங்கள். உள்ளே போய் என்ன வாங்கி வந்தாலும், பேய்க்கதையோ சமையல் புத்தகமோ, முகத்தை மட்டும் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதை நீங்களும் வாங்கிப் படித்துவிட்டு, சாப்பிடும்போது ஒரு சண்டை போடுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் மாடியில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. தொடராக வராத நாவல். 1972-ல் புத்தகமாகவே வந்து, சண்டை போட ஆள் இல்லாமல் ரொம்ப காலம் கிடந்தது. கும்பகோணத்துப் பக்கம் இருக்கிற மாணவர்கள் படித்துவிட்டு வாருங்கள். படிக்காமல் வந்தால் சுண்டல் மட்டும்தான்.